ஆல்பிரட் சாட்டர்டன்

சர் ஆல்பிரட் சாட்டர்டன் (1866 – 1958) சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியியலாளர், கல்வியாளர், தொழில் நிர்வாகி ஆவார். அலுமினியப் பாத்திரம், குரோம் முறையில் பதனிட்ட தோல், எண்ணெய் இயந்திரத்தால் இயங்கும் நீரேற்றி ஆகியவை தென்னிந்திய மக்களின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்த தொடக்க காலத்தில் அவற்றைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். இவற்றுள் எதையும் இவர் கண்டுபிடிக்கவில்லை. பிற நாடுகளில் உருவான நுட்பங்களை உள்ளூர்த் தொழிலாளரின் கைத்திறனுக்கும் உள்ளூர்த் தேவைக்கும் ஏற்ப அரசுச் செலவில் சோதித்துப் பார்த்து, பயன் தருபவற்றைத் தனியாரிடம் ஒப்படைப்பதே இவரது முறையாக இருந்தது. சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையின் பெயர், இவர் மாகாணத்தில் சோதித்துக் காட்டிய குரோம் தோல் தொழிலின் அடையாளமாக இன்றும் வழங்கி வருகிறது.

இளமையும் கல்வியும்

சாட்டர்டன் 1866 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இலண்டனில் உள்ள பின்சுபரி தொழில்நுட்பக் கல்லூரியிலும், தென் கென்சிங்டனில் இருந்த மத்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பொறியியல் பயின்றார். பட்டறைப் பயிற்சியையும் அறிவியல் பாடத்தையும் ஒருசேரக் கற்பித்த புதிய வகைக் கல்விக்கூடங்கள் இவை. கையால் செய்து பார்க்காத அறிவு முழுமையாகாது என்ற நோக்கு இக்கல்விக்கூடங்களின் அடிப்படையாக இருந்தது. பிற்காலத்தில் சென்னையில் இவர் மேற்கொண்ட பணிகளிலும் இந்நோக்கைக் காணலாம்.

1888 ஆம் ஆண்டு இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, சென்னைப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியரானார். அக்காலத்தில் அக்கல்லூரி சேப்பாக்கத்தில் இயங்கி வந்தது. 1920 ஆம் ஆண்டிலேயே அது கிண்டிக்கு மாறியது. பொதுப்பணித் துறைக்கு வேண்டிய அலுவலர்களைப் பயிற்றுவிப்பதே கல்லூரியின் முதன்மை நோக்கமாக இருந்தது. பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு அரசுப் பணியைத் தவிர வேறு வாய்ப்புகள் குறைவு. நாட்டில் தொழில்கள் வளராமல் தொழிற்கல்வி மட்டும் வளர இயலாது என்ற முடிவுக்குச் சாட்டர்டன் வந்தார்.

அலுமினியப் பாத்திரங்கள்

அலுமினியம் 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரிய, விலையுயர்ந்த உலோகமாக இருந்தது. 1886 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லசு ஆல் என்பவரும் பிரான்சில் பவுல் எரூ என்பவரும் மின்னாற்பகுப்பு மூலம் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைத் தனித்தனியே கண்டறிந்தனர். அதன் பின்னர் அதன் விலை விரைவாகச் சரிந்தது.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றிருந்த சாட்டர்டன், 1898 ஆம் ஆண்டில் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் சோதனையைத் தொடங்கினார். 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவரால் நிறுவப்பட்ட அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி ஆகும். அலுமினியத் தகடுகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டன. அவற்றைத் தட்டியும் கடைந்தும் பாத்திரங்களாக்கும் வேலை செம்பு, பித்தளை வேலையில் தேர்ந்த உள்ளூர்த் தொழிலாளரிடம் விடப்பட்டது. அவர்களது கருவிகளும் கைப்பழக்கமும் பெருமளவு புதிய உலோகத்துக்கும் பொருந்தின.

அக்காலத் தமிழ்நாட்டு வீடுகளில் சமையலுக்கு மண்பானைகளும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் பயன்பட்டன. புளி சேர்ந்த குழம்பு பித்தளையில் களிம்பு ஏறச் செய்யும். இதனைத் தடுக்கப் பாத்திரத்தின் உட்புறத்தில் அவ்வப்போது ஈயம் பூச வேண்டியிருந்தது. அலுமினியப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டியதில்லை. எடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால், ஒரு பாத்திரத்துக்குத் தேவையான உலோகமும் குறைவு.

சோதனை இலாபம் தரும் தொழிலாக வளர்ந்தது. சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரான எர்ட்லி நார்ட்டன் போன்றோரின் முயற்சியால் தொடங்கப்பட்ட இந்திய அலுமினிய நிறுவனத்திடம், 1903 ஆம் ஆண்டில் கலைத்தொழிற் பள்ளியின் அலுமினியப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. இதன் பின்னர் வேறு பலரும் இத்தொழிலில் இறங்கினர். எவர்சில்வர் பரவலாகும் வரை, எளிய குடும்பங்களின் சமையலறையில் அலுமினியம் முதன்மை இடம் பெற்றிருந்தது. அதே வேளையில், பித்தளை வேலையையும் ஈயம் பூசும் தொழிலையும் நம்பி வாழ்ந்தவர்களின் வருவாய்க்கு இம்மாற்றம் இழப்பாகவும் அமைந்தது.

குரோம் தோல்

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடுவது பழைய வழக்கம். இங்கிருந்து பாதி பதனிட்ட தோல்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. 1884 ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த அகசுடசு சூல்சு குரோமிய உப்புகளால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தோலிலுள்ள கொலாசன் என்னும் புரத இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைப்பதால், இவ்வாறு பதனிட்ட தோல் நீரையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்குகிறது. வாரக்கணக்கில் நடைபெறும் பட்டைப் பதனிடலோடு ஒப்பிடுகையில் இம்முறைக்குச் சில நாட்களே போதும்.

அமெரிக்கத் தொழிற்சாலைகள் புதிய முறைக்கு மாறியதும் அவற்றுக்குப் பதனிட்ட தோல் தேவைப்படவில்லை; பச்சைத் தோல்களையே வாங்கின. இதனால் சென்னையின் பதனிடு தொழில் பெரும் நெருக்கடிக்கு உள்ளானது. தொலைவில் நிகழ்ந்த ஒரு வேதியியல் மாற்றம் சென்னை மாகாணத்துத் தோல் தொழிலாளரின் பிழைப்பைச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே பாதித்தது.

சாட்டர்டன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையைச் சென்னையில் சோதிக்கத் தொடங்கினார். அவரது கவனத்தை முதலில் ஈர்த்தது காலணி அன்று. கவலை ஏற்றத்தில் பயன்பட்ட தோல் பை ஆகும். கிணற்றிலிருந்து மாடுகள் இழுக்கும் இந்தத் தோல் பை எப்போதும் நனைந்தே இருப்பதால் விரைவில் கெட்டுப்போகும். உழவர்கள் அதனை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. நீரைத் தாங்கும் குரோம் தோல் இதற்குப் பொருத்தமானது என்று அவர் கருதினார். பின்னர் செருப்பு, காலணி, சேணம் முதலியவையும் செய்யப்பட்டன. மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி இவர் எழுதிய ஆய்வுரை 1904 ஆம் ஆண்டு வெளிவந்தது.

நீரிறைக்கும் இயந்திரங்கள்

கிணற்றுப் பாசனத்தைப் பற்றிய ஆய்வு சாட்டர்டனின் நீண்டகால ஈடுபாடாக இருந்தது. ஏற்றம், கவலை ஆகியவற்றின் திறனை அளந்து, ஓர் அளவு நீரை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்ற ஆகும் செலவை அவர் கணக்கிட்டார். நல்ல ஊற்றுள்ள கிணறுகளில் மாடுகளால் இறைக்கக்கூடியதைவிட மிகுதியான நீர் இருப்பதை இவ்வகை அளவீடுகள் காட்டின.

இன்றைய தென்புறநகர்களுக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் மெல்ரோசாபுரம் என்ற ஊர் உள்ளது. ஆதாம் ஆண்ட்ரூ என்ற சுகாட்லாந்து மறைப்பணியாளர் அங்கு ஒரு வேளாண் குடியிருப்பை நடத்தி வந்தார். எண்ணெய் இயந்திரத்தையும் மையவிலக்கு நீரேற்றியையும் கொண்டு நீர் இறைக்கும் தொடக்ககாலச் சோதனைகளுள் ஒன்று இப்பண்ணையில் நடைபெற்றது. அதன் பின்னர் மாகாணத்தின் பிற பகுதிகளிலும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன.

இயந்திரத்தை விற்பதோடு பணி முடிந்துவிடாது என்பதைச் சாட்டர்டன் உணர்ந்திருந்தார். கிணற்றின் ஊற்றை அளந்து பொருத்தமான இயந்திரத்தைப் பரிந்துரைத்தல், பொருத்தித் தருதல், அதனை இயக்குவோருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவற்றை அவரது துறை செய்தது. கிணறுகளின் அடியில் துளையிட்டு ஊற்றைப் பெருக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. பிற்காலத்தில் மின்சாரம் வந்தபோது எண்ணெய் இயந்திரத்தின் இடத்தை மின்னோடி பெற்றது. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின் நீரேற்றிகள் வேளாண்மைக்குப் பயன்படுகின்றன. கவலை ஏற்றம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. உழவரின் உழைப்பும் மாடுகளின் உழைப்பும் குறைந்தன. நிலத்தடி நீர்மட்டமும் பல இடங்களில் தாழ்ந்தது.

சேலம் நெசவாலை

1906 ஆம் ஆண்டு அரசின் சார்பில் சேலத்தில் ஒரு கைத்தறி நெசவாலை தொடங்கப்பட்டது. நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, சீர்திருத்தப்பட்ட தறிகளில் குறித்த நேரத்தில் வேலை செய்ய வைப்பதால் அவர்களது வருவாய் உயரும் எனச் சாட்டர்டன் எதிர்பார்த்தார். இம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை. மனைவி மக்களின் உதவியோடு தம் வீட்டிலேயே நெய்து பழகிய நெசவாளர்கள் ஆலையின் நேர ஒழுங்கை விரும்பவில்லை. 1910 ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது.

ஆனால் அங்கு பயன்படுத்தப்பட்ட பறக்கும் நாடாவின் நிலை வேறு. கயிற்றை இழுத்தவுடன் தறியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நாடா தானே ஓடும் இந்த அமைப்பை 1733 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சான் கே உருவாக்கியிருந்தார். இதனை நெசவாளர்கள் தம் வீட்டுத் தறிகளிலேயே பொருத்திக்கொண்டனர். கருவியை ஏற்ற நெசவாளர்கள், அதனோடு சேர்த்து வழங்கப்பட்ட வாழ்க்கை முறையை ஏற்கவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தொழில் துறையும் மோர்லியின் ஆணையும்

1908 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் ஆர்தர் லாலியின் காலத்தில் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு ஒன்று நடைபெற்றது. அதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் தொழில் துறை அமைக்கப்பட்டு, சாட்டர்டன் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. உள்நாட்டுத் தொழில்களை வளர்க்க அரசு முன்வர வேண்டும் என்ற கருத்துடைய இந்தியத் தலைவர்கள் இத்துறையை வரவேற்றனர்.

ஐரோப்பிய வணிகர்கள் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். வரிப்பணத்தில் தொழிற்சாலை நடத்தும் அரசு, தனியாருக்குப் போட்டியாகிறது என்பது அவர்களது வாதம். எவரும் முதலிட அஞ்சும் புதிய தொழிலில் முதல் இழப்பை அரசு ஏற்றால்தான் பிறர் துணிந்து வருவர் என்பது சாட்டர்டனின் நிலைப்பாடு. அலுமினியத் தொழிலை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

1910 ஆம் ஆண்டு சூலை மாதம், இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மோர்லி பிரபு வணிகர்களுக்குச் சார்பாக முடிவெடுத்தார். அரசுப் பணம் தொழிற்கல்விக்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும். வணிக நோக்குள்ள தொழில் முயற்சிகளுக்கு அன்று என்பது அவரது ஆணையின் சாரம். குரோம் தோல் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. இந்த ஆணை இந்திய அரசியல் தலைவர்களிடையே கடும் அதிருப்தியை ஏற்படுத்தியது. மோர்லிக்குப் பின் வந்த குரூ பிரபு இதனை ஓரளவு தளர்த்தினார்.

மைசூரில்

1912 ஆம் ஆண்டில் சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்று, அங்குத் தொழில் துறை இயக்குநரானார். அதே ஆண்டில் மோ. விசுவேசுவரய்யா மைசூரின் திவானாகப் பொறுப்பேற்றார். சென்னையில் தடுக்கப்பட்ட அரசுத் தொழில் முயற்சிகளுக்கு மைசூரில் இடம் கிடைத்தது.

முதல் உலகப் போர் 1914 இல் தொடங்கியதும் மைசூரின் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டது. அதுவரை செருமனிக்குச் சென்ற கட்டையிலிருந்து அங்கேயே எண்ணெய் வடிக்கப்பட்டு வந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியலாளர்களின் துணையுடன் எண்ணெயை உள்நாட்டிலேயே வடிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1916 ஆம் ஆண்டில் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை செயல்படத் தொடங்கியது. இம்முயற்சியில் சாட்டர்டனுக்கும் பங்கு உண்டு. மைசூர் சந்தன சோப்பு இத்தொழிலின் தொடர்ச்சியாக உருவானதே ஆகும்.

இந்தியத் தொழில் ஆணைக்குழு

1916 ஆம் ஆண்டில் தாமசு ஆலந்து தலைமையில் இந்தியத் தொழில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மதன் மோகன் மாளவியா, தோராப்சி டாட்டா, இராசேந்திரநாத் முகர்சி முதலியோருடன் சாட்டர்டனும் அதன் உறுப்பினராக இருந்தார். தொழில் வளர்ச்சியில் அரசு செயலூக்கத்துடன் பங்கேற்க வேண்டும் என 1918 ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை பரிந்துரைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மோர்லி மறுத்த கொள்கைக்கு இவ்வறிக்கை ஏற்பளித்தது எனலாம். 1919 ஆம் ஆண்டில் சாட்டர்டனுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற்றுப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1958 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பல்லாவரமும் குரோம்பேட்டையும்

அரசு விலகிய பின்னரும் குரோம் தோல் தொழில் மறையவில்லை. சார்ச்சு அலெக்சாண்டர் சேம்பர்சு என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்துக்கு அருகில் குரோம் லெதர் கம்பெனி என்ற தொழிற்சாலையை நிறுவினார். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில், தென்னிந்திய இரயில் பாதையை ஒட்டிய இப்பகுதி அந்நாளில் மக்கள் நெருக்கமற்ற இடமாக இருந்தது. தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு குரோம்பேட்டை என்று பெயர் பெற்றது. ஒரு வேதித் தனிமத்தின் பெயரும் பேட்டை என்ற பழைய சொல்லும் இணைந்த ஊர்ப்பெயர் இது.

1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கிய பின் இப்புறநகர்கள் விரைவாக வளர்ந்தன. 1949 ஆம் ஆண்டில் சி. இராசம் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். ஆ. ப. செ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது இங்கேயே. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

இத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் பெருகிய தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தில் இறங்கியது. பல கிணறுகளின் நீர் உப்பேறி, குரோமியம் கலந்து, குடிக்கத் தகாததாயிற்று. 1990களில் பல்லாவரத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டு ஆகத்து 28 அன்று, வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்திய இத்தீர்ப்பு, பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குப் பொருந்தியது. குரோம் லெதர் கம்பெனி இன்று இல்லை. பல்லாவரம் நகராட்சியின் பகுதியாக இருந்த குரோம்பேட்டை, 2021 ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியுள்ளது.

நூல்கள்

சாட்டர்டன் எழுதிய நூல்களுள் இந்தியாவின் தொழில் வளர்ச்சியைப் பற்றி 1912 ஆம் ஆண்டு சென்னையில் வெளியான நூல் முதன்மையானது. நீரேற்றுப் பாசனத்தைப் பற்றியும் இவர் தனியே எழுதியுள்ளார். சென்னை மாகாணப் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் இவரது எழுத்துகளைப் பயன்படுத்தி வருகின்றனர்.

மதிப்பீடு

ஒரு புதிய நுட்பம் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேரும் வழியைச் சாட்டர்டனின் பணிகள் தெளிவாகக் காட்டுகின்றன. விலை, பழுதுபார்க்கும் வசதி, ஏற்கெனவே உள்ள கைத்திறனோடு பொருந்துதல் ஆகியவை கூடியபோது அலுமினியமும் பறக்கும் நாடாவும் பரவின. மக்களின் வாழ்க்கை ஒழுங்கை மாற்ற முயன்ற சேலம் ஆலை நிலைக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் அலுவலராக இருந்தும், அவ்வாட்சியின் வணிக நலன்களோடு முரண்பட்டவர் என்ற வகையில் இவர் பாராட்டப்படுகிறார்.

எனினும் இவரது கணக்குகளில் ஒரு செலவு இடம்பெறவில்லை. தோல் பையின் ஆயுள், இயந்திரத்துக்கான எண்ணெயின் விலை, ஓர் அளவு நீரை மேலேற்ற ஆகும் செலவு ஆகியவற்றை நுணுக்கமாக அளந்தவர் இவர். எடுக்கப்படும் நீர் மீண்டும் ஊறுமா, கழிவு கலந்த நீர் மீண்டும் தூய்மையாகுமா என்ற கேள்விகள் அவரது காலத்தில் எழவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதி மக்கள் அக்கேள்விகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் தம் வீட்டுக் கிணறுகளில் எதிர்கொண்டனர்.